நான் சொன்ன ஓம்

அன்புள்ள அம்மா,

தொலைபேசியில் கதைக்கும்போது மாமி பக்கத்திலேயே இருக்கிறா. அதனால் இந்தக் கடிதத்தை ஒஸ்லோவுக்குத் திரும்பும் தோழியிடம் கொடுத்துவிடுகிறேன்.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் என் பயிற்சி நன்றாகவே போகிறது. முதலில் நோயாளிகள் என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கவும் பழகிவிட்டேன்.

போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது மாமி, "சூசைப்பிள்ளையின்ர மகன் மெல்ரொன் நல்ல பொடியன், என்ன பிள்ளை?" என்றா. ஓம் என்றேன்.

"உனக்கும் இஞ்ச இருக்க விருப்பம்தானே?"

அதற்கும் ஓம் என்றேன். பயிற்சிக் காலத்தைக் கேட்கிறா என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே மெல்ரொன் வீட்டார் பலகாரத் தட்டோடு வந்து கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவரோடு நான் இரண்டு தரம்தான் பேசியிருக்கிறேன். "நான் அப்படிச் சொல்லேல்லை மாமி" என்றேன்.

"வந்த சனத்துக்கு முன்னால எங்களைத் தலைகுனிய வைக்காத" என்றா.

என் கடவுச்சீட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறா. பத்திரத்துக்காம். ஆஸ்பத்திரிக்கும் இப்போது மாமாதான் கூட்டிக்கொண்டு போய்வருகிறார். அவர்கள் என்னை ஏசுவதில்லை, நன்றாகச் சாப்பாடு தருகிறார்கள்.

நேற்று அழுதபோது மாமி என் தலையைத் தடவி, "கொம்மாவுக்கு எல்லாம் தெரியும். அதுக்குத்தானே உன்னை இஞ்ச அனுப்பினவ" என்றா.

அது பொய்தானே அம்மா? பொய் என்றால் பதில் எழுத வேண்டாம். நீங்களே வாருங்கள்.

உங்கள் மூத்த மகள்