கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை

அன்பு மகளே,

பஞ்சத்தின்போது என் பொறுப்பிலிருந்த அரசுக் கிடங்கை மந்திரி பார்க்க வந்தபோது, கூரை வரை அரிசி மூட்டைகளை அடுக்க வைத்தது நான்தான். வெளிவரிசை மட்டுமே மூட்டைகள், நடுவில் ஒன்றுமில்லை.

பேப்பரில் அந்த அடுக்கின் படத்தைப் பார்த்துத்தான், "இவ்வளவு வச்சுக்கிட்டா நம்மளப் பட்டினி போடுறானுங்க?" என்று ஊரே கதவை உடைத்தது. அடுக்கு சரிந்து, நடுவிலிருந்த வெற்றிடம் எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் ஆட்சியும் கவிழ்ந்தது.

பட்டினி கிடந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரிசி கிடைக்குமா என்று பையோடு வந்த நீ, அங்கேயே என்னிடம் கேட்டாய்: "அப்போ நம்ம வீட்ல மட்டும் எப்படிப்பா தினமும் சோறு வெந்துச்சு?"

நீ பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

கட்டிலுக்கடியில் இன்னும் ஒரு மூட்டை பிரிக்காமல் இருக்கிறது. நீ வந்தால் இருவருமாக அதை அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தனியாகப் போய் நிற்க எனக்கு முகமில்லை.

உன் கேள்விக்குப் பதில் சொல்லாத
அப்பா