கலிங்குக் கோலில் தொங்கிய புகழுரை

மழை பருவம் தவறாது பொழிக. ஏரி நிறைக. கரை நிலைக்க.

நாற்பது ஏரிகளை உடையவரும், இட்ட ஆணையை மீண்டும் எண்ணிப் பார்க்க நாணாதவருமாகிய நீர்மலை நாட்டுப் பேரரசியார் கார்விழியாரின் திருவாணை தாங்கி, ஏரிகளையும் அவற்றில் பணிபுரியும் ஏவற்பாவைகளையும் காக்கும் அமைச்சன் வெண்ணாகன், பனங்கோட்டுத் தலைவரும் எம் நெடுநாள் நண்பருமாகிய செங்கண் ஆதனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் நலமுற்று வாழ்க. தங்கள் முழங்கால் வலி தீர்க.

தங்கள் ஏரியில் பதினோராண்டு பணிபுரிந்த வெண்கலப் பாவை, நாற்றங்காலுக்கு நீர் விடுமாறு ஏவப்பட்ட நாளில், வயலுக்கு நீர் தரும் மதகைத் திறவாமல், வெள்ளத்தை ஆற்றில் கழிக்கும் கலிங்கைத் திறந்துவிட்டது என்றும், ஏரி பாதியாகி ஒன்பது ஊர் நாற்று கருகியது என்றும், ஆகவே வரும் முழுநிலா நாளில் அப்பாவையை உருக்கி மணியாக வார்க்கத் தாங்கள் ஆணையிட்டீர் என்றும் அறிந்து, யாமே நேரில் வந்து பார்த்தோம். தங்கள் சினம் நியாயமானது. கருகிய நாற்றங்காலில் யாமும் நடந்து பார்த்தோம்.

ஆயினும் பாவையை விசாரியாமல் திரும்ப மனம் வரவில்லை. பயிர் காக்க நீரை நன்கு விடுமாறு ஏவினர் என்றும், மதகையும் கலிங்கையும் திறக்க மதகு மனையில் உள்ள கோல்களுள் ஒன்றில் தொங்கிய குறிப்போலையில் பயிர் காப்பது என்று எழுதியிருந்தது என்றும், ஆகவே அக்கோலை எடுத்தது என்றும், செய்த தவறு எதுவெனச் சொன்னால் திருத்திக்கொள்வதாகவும் அது பணிந்து விடை கூறியது.

உடனே கோல்களில் தொங்கிய குறிப்போலைகளை வரவழைத்துப் படித்தோம். கருவியை ஈந்தவரின் புகழை முதலில் எழுதி, இடம் எஞ்சினால் கருவியின் பயனை எழுதுவது நம் நாட்டு வழக்கம் அன்றோ! மதகுக் கோலை ஈந்தவர் ஓர் எண்ணெய் வணிகர், கூச்சமுடையவர். அவர் ஓலையில் நீரை விடுவது என்ற இரண்டே சொற்கள் இருந்தன. கலிங்குக் கோலின் ஓலையிலோ, நாட்டை வாழ்விப்பது, பயிர் காப்பது, பெருந்தகை நெடுங்கண் ஆதனார் ஈந்தது, நீரை நன்கு விடுவது என்றெல்லாம் ஏழு வரி. அவ்வேழு வரியும் தங்கள் தந்தையார் நினைவாகத் தாங்களே இயற்றியவை என்பதை எவ்வாறு எழுதுவது என்று இரண்டு எழுத்தாணி மாற்றினோம். சுற்றி வளைத்துப் பயனில்லை, எழுதிவிட்டோம்.

எம் பங்கும் உண்டு. முன்பெல்லாம் எந்தக் கோலை எடுப்பது என்று கண்காணி கைகாட்டுவார். இவ்வாண்டு முதல் பாவையே ஓலையைப் படித்துத் தேரட்டும் என்று விதித்தது எம் அலுவலகம். விதித்த யாம் ஓலைகளை ஒருமுறையேனும் படித்துப் பார்க்கவில்லை.

வெறும் வாய்ச்சொல்லாக இருத்தலாகாது என்று சோதனையும் செய்தோம். "நாத்து வாடுது, தண்ணி பாய்ச்சு", "கரை தாங்காது, தண்ணிய ஆத்துல விடு" என்று உழவர் வாயில் வரும் ஏவல் நாற்பதைத் திரட்டி, நீர் திறவாதபடி கோல்களை மரத்தறியில் பூட்டி வைத்து, பாவை எதனைத் தொடுகிறது என்று குறித்தோம். பழைய ஓலைகளால் பத்தொன்பது முறையே சரியானதைத் தொட்டது. புகழை நீக்கியதும் முப்பத்தொன்று. விளக்கம் மிகுந்தால் நன்மை மிகும் என்று கருதி யாம் பன்னிரண்டு வரி இயற்றித் தொங்கவிட்டோம், இருபத்தாறாக இறங்கியது. எம் எழுத்தர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை யாம் கண்டும் காணாதது போல் இருந்தோம். பின்னர், கோல் செய்வது ஒரு வரி, எப்போது தொடலாகாது என்பது ஒரு வரி என இரண்டே வரி எழுதினோம். முப்பத்தெட்டு முறை சரியாயிற்று. எஞ்சிய இரண்டிலும் ஏவலே தெளிவில்லை. பாவை தவறாமல் நின்று எந்த நீர் என்று கேட்டது.

மதகு மனையை முன்பின் அறியாத தங்கள் காவலர் மூவரிடம் பழைய ஓலைகளைக் கொடுத்து, பயிர் காக்க நீர் விடுமாறு ஏவினோம். இருவர் கலிங்குக் கோலையே எடுத்தனர். அவர்களை உருக்குவார் இல்லை.

நாற்று முழுதும் இழந்த வேம்பி என்னும் உழத்தியையும் கேட்டோம். பாவையை உருக்கினால் தன் நாற்று முளைக்காது என்றும், மறுவிதைப்புக்கு மதகைத் திறக்க யார் இருக்கிறார் என்றும் அவர் எம்மையே திருப்பிக் கேட்டார்.

ஆகவே பேரரசியாரின் ஆணை இது. உலையைத் தணிக்க. ஒன்பது ஊருக்கும் விதைநெல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வரும். தந்தையார் புகழை யாவரும் காணக் கலிங்குக் கரையில் கல்லில் வெட்டுக. அதற்குத் தக்க பெருமகனார் அவர். கோலின் ஓலையைத் தாங்களே திருத்தி எழுதுக, தங்கள் எழுத்தை அழிக்கப் பனங்கோட்டில் எவர் கையும் எழாது.

இன்னும் ஒன்று. பாவையின் கழுத்தில், நாற்றைக் கொன்றது என்று தாங்கள் கட்டுவித்த ஓலையை யாம் அவிழ்த்து இத்துடன் அனுப்பியுள்ளோம். பாவை அதனையும் படித்துவிட்டது. அன்று முதல் வயற்பக்கம் ஏவினால் வரப்பிலேயே நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்டால், தன் அருகில் நாற்று இருத்தல் ஆகாது என்கிறது. எழுதியதை நம்ப மட்டுமே அதற்குத் தெரியும். ஆதலால் நண்பரே, உண்மையான இரண்டு வரி எழுதித் தங்கள் கையாலேயே அதன் கழுத்தில் கட்டுக.

நாரை பொறித்த அரக்கு முத்திரை இட்டோம். உலை ஆறிய பின் விடை விடுக்க. அதற்கு முன் வேண்டா.