மாப்பிள்ளை காட்டிய வீடுகள்

ஜூன் 8, ஞாயிறு
பள்ளி திறந்தும் வெயில் குறையவில்லை. மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை. முகம் மட்டும் கழுவிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினோம்.

வீட்டுக்காரர் தீபாவளிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகனுக்குக் கல்யாணமாம், இடம் வேண்டுமாம். பதினொரு வருஷமாகச் சேலையூரில் இதே வாடகை வீடு. இனி வாடகையே வேண்டாம், வாங்கிவிடுவோம் என்று நான்தான் கணவர் முரளியிடம் சொன்னேன். கடன் என் சம்பளத்தில். எனக்கு ஐம்பது வயது. பேங்க்கில் லோன் பார்க்கிற பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேடம், இந்த வருஷம் விட்டீங்கன்னா அப்புறம் லோன் கஷ்டம்." ஆக, வாங்கினால் இப்போது. விட்டால் ரிட்டயர் ஆன பிறகும் வாடகை வீடுதான்.

இதுவரை பார்த்த புரோக்கர்கள்:
1. படப்பைக்காரர். வீடு கேட்டால் மனை காட்டுகிறார். "அஞ்சு வருஷத்துல எங்கயோ போயிரும் மேடம்!" அதுவரை நாங்கள் எங்கே படுப்பது என்று சொல்லவில்லை.
2. வாட்ஸப்பில் மட்டும் வாழ்பவர். ஆறு வீடு அனுப்பினார். ஆறிலும் ஒரே பாத்ரூம் போட்டோ.
3. ஜெயந்தி, கோவிலம்பாக்கம். நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்துவதற்கு முன்பே வீட்டின் குறையைச் சொல்லிவிடுகிறாள்.

மூன்றாவதற்கு ஒரு டிக்.

ஜூன் 11, புதன்
அரை நாள் லீவு. ஜெயந்தியோடு கோவிலம்பாக்கம், முதல் மாடி ஃப்ளாட். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், முன்னாடியே சொல்ட்றேன். மழைன்னா தெருமுனைல முழங்கால் தண்ணி நிக்கும். வூட்டாண்ட வராது. லிஃப்ட் கெடையாது. மேல்மாடிக்காரரு தகராறு புடிச்ச ஆளு. இதெல்லாம் ஓகேன்னா மேல வாங்க. இல்லன்னா ஒரு டீய குடிச்சிட்டுப் போய்கினே இருக்கலாம்."

போனேன். இரண்டு படுக்கையறை. அதைத் தவிர ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், வெளியே வேப்பமரம். இருபத்திரண்டு வருஷமாகப் பரீட்சைப் பேப்பரைக் கட்டிலில் பரப்பி வைத்துத் திருத்துகிறேன். அங்கே ஒரு மேஜை போடலாம். வெகு நேரம் அங்கேயே நின்றேன். ஆசையாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

இறங்கும்போது ஜெயந்தி: "ஒண்ணே ஒண்ணு டீச்சர். புடிச்சிருந்தா சொல்லுங்க, புடிக்கலன்னாலும் சொல்லுங்க. வேற புரோக்கர மட்டும் இட்டுகினு வராதீங்க. ஓனர காட்டினா எங்க பொழப்பு முடிஞ்சிது."

வாக்குக் கொடுத்தேன். எழுதி வைக்கிறேன்: கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி
வித்யா போன். முரளியின் தங்கை. "ஏன் அண்ணி, அவர் இதே வேலையில இருக்கும்போது வெளியாள்கிட்ட போறீங்களாமே? அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

வித்யாவின் வீட்டுக்காரர், அதாவது இவர்கள் வீட்டு மாப்பிள்ளை, சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி வேலையை விட்டு மூன்று வருஷமாக 'ரியல் எஸ்டேட்'. யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் என்று இதுவரை தெரியாது. விசிட்டிங் கார்டு மட்டும் பளபள.

நான் வேண்டாம் என்றேன். மு.: "அவர்கிட்ட வாங்க வேணாம். சும்மா ஒரு தடவை காட்டிடுவோம். மரியாதைக்கு." தீபாவளிக்கு முதல் வேட்டி மாப்பிள்ளைக்கு. பந்தியில் முதல் இலை மாப்பிள்ளைக்கு. வீட்டுக்கும் முதல் பார்வை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்போல. ஜெயந்தியிடம் சொன்னதை மு.விடம் சொன்னேன். "அட, அவர் புரோக்கரா வரல, சொந்தக்காரரா வர்றார்" என்றார்.

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு
காலையில் தூறல், பிறகு புழுக்கம். மாப்பிள்ளைக்கு இட்லி, வடை, இரண்டு சட்னி. பிறகு கோவிலம்பாக்கம். கீழே நின்றிருந்த ஜெயந்தியின் முகம் அவரைப் பார்த்ததும் மாறியது. "சொந்தக்காரர்" என்றேன். சாவியை என் கையில் கொடுத்தாள்.

அவர் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். சமையலறையில் நின்றார். தலையை ஆட்டினார். பிறகு, அங்கே வந்திருந்த ஓனரோடு மொட்டைமாடிக்குப் போனார், தண்ணீர் டேங்க் பார்க்க. டேங்க் பார்க்கக் கால் மணி நேரம்.

காரில் ஏறியதும் தீர்ப்பு: "வேணாம் மச்சான். ஈசானிய மூலைல அடுப்பு. ஆம்பளைக்கு ஆகாது. தாய்ப் பத்திரமும் இவன்கிட்ட இல்ல, பேசிப் பார்த்துட்டேன். தங்கச்சி, நீ கவலைப்படாத. அண்ணன் பார்த்துத் தரேன்."

நாத்தனார் புருஷன் எனக்கு அண்ணன் முறை. சரி, அண்ணா.

ஜூன் 16, திங்கள்
மு.வே ஜெயந்திக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"பத்திரம் எல்லாம் கரீட்டா கீது சார். வக்கீல வெச்சிப் பாத்துக்கோங்க, நான் வேணான்னு சொல்லல. நீங்க இட்டாந்தீங்களே, அவரு இன்னா சொன்னாரு?"

மு. போனை வைத்துவிட்டார். "பார்த்தியா, வேற புரோக்கர் வந்ததும் பயம் வந்துடுச்சு அவளுக்கு." நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு
மாப்பிள்ளை காட்டிய வீடு, முதலாவது. படப்பை தாண்டி. 'ஓரகடம் பக்கத்துல.' பக்கத்தில் இருந்தது ஒரு கல்குவாரி. பள்ளிக்கு இரண்டு பஸ். மதியச் சாப்பாடு மாப்பிள்ளைக்குப் பிடித்த ஓட்டலில்.

ஜூலை 13, ஞாயிறு
இரண்டாவது. சிங்கப்பெருமாள் கோவில். மூன்றாவது மாடி, சுவரில் இப்போதே விரிசல். "பெயின்ட் அடிச்சா போயிடும் தங்கச்சி." அவர் பாதி நேரம் போனில் இருந்தார். "ஆங், டாக்குமென்ட் ரெடியா? புதன்கிழமை காலையில வந்துடறேன்" என்று யாரிடமோ. பெரிய பிசினஸ் என்று மு.வுக்குப் பெருமை.

ஜூலை 20, ஞாயிறு
ஆடி பிறந்தாகிவிட்டது. இனி ஒரு மாசம் வீட்டுப் பேச்சே கூடாதாம். மாப்பிள்ளை போனை எடுப்பதில்லை. வாடகை வீட்டுக்காரர் மட்டும் தவறாமல் போன் செய்கிறார், எப்போது காலி என்று. எட்டாம் வகுப்பு முதல் இடைத்தேர்வு, நாற்பத்திரண்டு பேப்பர், கட்டில் மேல். முதுகு வலி. மு. பக்கத்தில் டி.வி. பார்க்கிறார், எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
எழுதிவிடுகிறேன்.

காலை பத்துக்கு வித்யாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தட்டு, பழம், மஞ்சள் குங்குமம், பத்திரிகை. கிரகப்பிரவேசமாம். "சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல அண்ணி." சந்தோஷமாகத்தான் வாங்கினேன். பிரித்து விலாசம் படித்தேன். கோவிலம்பாக்கம். அதே தெரு. அதே கட்டடம். முதல் மாடி.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கண்ணைக்கூட விலக்கவில்லை. "வாஸ்துக்காரரை வெச்சிப் பார்த்தேன் தங்கச்சி. அடுப்ப இந்தப் பக்கம் நகர்த்திட்டா சரியாயிடுமாம்." தாய்ப் பத்திரம்? "அதான் ஓனர் தேடிக் கொடுத்துட்டாரே." எப்போது பதிந்தீர்கள்? "ஆடிக்கு முன்னாடியே."

எங்களுக்கு விரிசல் விட்ட சுவரைக் காட்டிக்கொண்டே போனில் தேதி குறித்திருக்கிறார்.

அவர்கள் போன பிறகு மு. சொன்னார்: "விடு. வெளியில போகல, நம்ம வீட்டுலதானே இருக்கு." தட்டிலிருந்த ஆப்பிளை எடுத்துக் கடித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரை நான் இவ்வளவு வெறுத்ததில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்
ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஜெயந்திக்குப் போன். அவளுக்கு முன்பே தெரியும்.

"ஓனரு போனையே எடுக்கல டீச்சர். நேர்ல போனா, புரோக்கர் யாரும் இல்ல, நேரா வந்தாங்கன்றான். எனக்கு ஒத்தப் பைசா வரல. ரெண்டு மாசம் அந்த வூட்டுக்கு அலைஞ்சிகினு இருந்தேன்."

மாப்பிள்ளை எங்களையும் ஏமாற்றிவிட்டார் என்றேன்.

"உங்கள ஏமாத்தினது உங்க ஆளு. என்ன ஏமாத்தினது நீங்க. அத்த எப்டி நான் அந்தாளு கணக்குல எழுதறது?"

பெல் அடித்தது. வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்
கிரகப்பிரவேசம். மேகமூட்டம். போகமாட்டேன் என்று மூன்று நாள் சண்டை. "அண்ணன் சீர் இல்லாம எப்படி? ஊர் என்ன பேசும்?" என்றார் மு. போனேன். பட்டுப்புடவை, வேட்டி, வெண்கலப் பானை, பழம், பூ. தட்டை நான்தான் தூக்கிக்கொண்டு படியேறினேன். போட்டோக்காரர், "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன்.

சாப்பாட்டில் எதிர் வரிசையில் வித்யாவின் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் வீடு தேடுகிறாராம். "நல்ல புரோக்கரா கிடைக்கறதுதான் சார் கஷ்டம்" என்றார். மு. சாம்பார்க் கையோடு மாப்பிள்ளையைக் காட்டினார். "இதோ இருக்காரே. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்." கிண்டல் இல்லை. மனசாரச் சொன்னார்.

இலையை மூடினேன். கை கழுவிவிட்டு வந்து, அந்த மனிதரிடம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்: "இந்த வீட்டை முதல்ல காட்டினது ஜெயந்தின்னு ஒருத்தங்க. எனக்காகக் காட்டினாங்க. நம்பர் தரேன், எழுதிக்குங்க."

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். வித்யா அழுதாள். மாப்பிள்ளை, "தங்கச்சிக்கு வயித்தெரிச்சல்" என்று சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. காரில் மு. ஒரே ஒரு வார்த்தை: "அசிங்கம்." யார் செய்தது என்று கேட்டேன்.

ஆறு மணிக்கு ஜெயந்தியே கூப்பிட்டாள். வாடகைக்காவது ஒரு வீடு பார்த்துத் தரச் சொல்லிக் கேட்க நினைத்தேன்.

"டீச்சர், ஒருத்தரு பேசினாரு, உங்க பேரச் சொன்னாரு. நாயித்துக்கெழம வூடு காட்டப் போறேன். நல்லாருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அவரு மட்டும் வரட்டும். நீங்க கூட வராதீங்க."