இறக்கத்து மணல்

ஆகஸ்ட் 4
தடுப்புச் சுவர் வேலை சலேவா இறக்கத்துக்கு வந்துவிட்டது. வலப்பக்கம் லாரிகள் பறக்கும் சாலை, நடுவில் நான் திட்டம் வரைந்த கான்கிரீட் சுவர், இடப்பக்கம் சைக்கிள் பாதை. நல்லதுதானே? ஆனால் கரி மூட்டை ஏற்றி வருகிறவர்களின் சைக்கிளில் பிரேக் ஏது? செருப்புக் காலை டயரில் வைத்து அழுத்துவார்கள். வளைவில் கால் வழுக்கினால்— சுவர்தான். தம்பி யான்கோவும் தினமும் கரி ஏற்றிக்கொண்டு இந்த இறக்கத்தில்தான் பிளாண்டயர் நகரச் சந்தைக்குப் போகிறான். பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6
வளைவின் இடப்பக்கம் சாக்கடையை மூடி மணல் பரப்பலாம், நிற்காத சைக்கிள் அதில் புதைந்து நிற்கும் என்றேன். மேலதிகாரி சிர்வா சிரித்தார். "மறுநாளே யாராவது வீடு கட்ட அள்ளிட்டுப் போயிடுவாங்கம்மா." நான் விடவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். "சரி, கொட்டிக்கோ. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

ஆகஸ்ட் 17
மணல் கொட்டியாயிற்று. யான்கோவிடம் எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால், என்ஜினியரம்மா பயந்து சாகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆகஸ்ட் 21
பாதை திறந்தாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 24
மணலைக் காணோம். ஒரு பிடிகூட இல்லை, வெறும் கட்டாந்தரை. நாளைக்குப் பெரிய சந்தை, எல்லாரும் இறங்குவாங்களே, நான் என்ன பண்ணுவேன்? வண்டியை எடுக்காதே என்று சொல்ல யான்கோ வீட்டுக்கு ஓடினேன்.

அவன் வீட்டுச் சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தான். "வாக்கா. மணல் எவ்வளவு நைஸா இருக்கு பாரு. ரோட்டோரம் சும்மா கிடந்துச்சு. உனக்கும் ரெண்டு மூட்டை எடுத்து வச்சிருக்கேன்."

அது உனக்காகக் கொட்டினதுடா பாவி, நீ விழுந்தா பிழைக்கணும்னு கொட்டினது என்று கத்தினேன். அவன் கொத்துக் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"நான் மட்டும் அள்ளலக்கா. கரி ஏத்துற எல்லாரும்தான் அள்ளினோம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"



ஆகஸ்ட் 25
யான்கோ எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். கரி ஏற்றுகிற யாரும் சந்தைக்குப் போகவில்லை. கரிச் சாக்குகளில் ஆற்று மணலைக் கொண்டுவந்து வளைவில் கொட்டினார்கள். யான்கோ என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 9
காலையில் வளைவில் இறங்கிப் பார்த்தேன். மணலில் ஆழமாக ஒரு சக்கரத் தடம். சுற்றிலும் சிதறிய கரி. ஆளைக் காணோம். யான்கோவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"சந்தையில இருக்கேன்க்கா. மூட்டை கிழிஞ்சு பாதி கரி போச்சு. உங்க சிர்வாகிட்ட சொல்லி மணலை இன்னும் கொஞ்சம் நீளமாப் போடு."