எட்டுக் காலிப் பக்கங்கள்

அனுப்புநர்:
மெய்ப்பு பார்ப்பவர்,
பழுதுநூல் பதிப்பகம்,
மாவு மில் மாடி.

பெறுநர்:
நூல் தேர்வு அலுவலர் அவர்கள்,
பொது நூலகத் துறை.

பொருள்: எங்கள் பதினொரு நூல்கள் ‘அச்சுக் குறைபாடு’ எனத் திருப்பப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – ஒரு விவரம் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை நேரில் சொல்ல இரண்டு முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். என் முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுத்தில் என்றால் எனக்குச் சொல்ல வரும்.

1. எங்கள் பதிப்பகத்துக்கு வயது நான்கு. பதிப்பாளர் அக்காவும் நானும்தான் ஆட்கள். ஒரு பொருள் பழுதானால் சரிசெய்வது எப்படி என்று, அந்த வேலை செய்பவரே சொல்லக் கேட்டு எழுதி நூலாக்குகிறோம். வேறெதுவும் போடுவதில்லை. தையல் இயந்திரத்தில் தொடங்கி மிதிவண்டி, குழாய், பூட்டு, நாற்காலி என்று பதினொன்றாகிவிட்டது.

2. முதல் நூலில் பக்கக் கணக்கைத் தப்பாகப் போட்டது நான். அச்சில் ஒரே தாளில் ஓடுவது ஒரு ஃபாரம்; அதற்குப் பதினாறு பக்கம். எண்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஆறு ஃபாரம் ஓட்டியதில் கடைசி எட்டும் காலியாக நின்றன. “நல்லா படிச்சம்மா நீ!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். அன்று அதைச் சொல்லிக்கொள்ளவே கூசியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு தையற்காரர் தம் பிரதியையே தபாலில் அனுப்பினார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சொன்னபடி திருகை முடுக்கினால் ஊசி உடையும் என்று காலிப் பக்கத்தில் படம் போட்டு எழுதியிருந்தார். முடுக்கிப் பார்த்தோம். உடைந்தது. மறுபதிப்பில் திருத்தினோம். அன்றிலிருந்து எல்லா நூலிலும் எட்டுப் பக்கங்களை வேண்டுமென்றே காலியாக விடுகிறோம். ஏன் என்று எங்கும் அச்சிடாதது எங்கள் தவறு. எங்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

3. தங்கள் சரிபார்ப்புப் பிரிவு அவற்றைக் குறைபாடு என்று முத்திரையிட்டதில் குற்றமில்லை. ஆனால் குறைபாட்டுப் பட்டியலில் ஏறினால் மூன்று ஆண்டுகள் நூலகங்களுக்கு அனுப்ப முடியாது. இந்த நூல்களைத் தேடுகிறவர்கள் புத்தகக் கடைக்குப் போகிறவர்கள் அல்லர்; நூலகம்தான் அவர்களுக்கு வழி. அக்கா இப்போதே தேர்வு வினா-விடை நூல்கள் போடுவது பற்றி விசாரிக்கிறார். “ஊரோட ஒத்துப் போயிடுவோம், விடு” என்கிறார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

4. திரும்பி வந்த கட்டைப் பிரித்தபோது, நாற்காலிப் பழுது நூலின் காலிப் பக்கங்களில் பென்சில் எழுத்து இருந்தது. ‘எங்கள் பிரிவில் பதினேழு நாற்காலிகள் ஆடுகின்றன. பக்கம் 23-இன்படி ஒன்பதைச் சரிசெய்தேன். சக்கரம் கழன்றால் நூலில் வழியில்லை. நான் செய்தது இது’ என்று படத்துடன் மூன்று பக்கம். அந்த நூலைச் சொல்லி எழுதவைத்தவர், நாற்காலி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா. படித்துவிட்டு, “யாருடா இவன், எனக்கே பாடம் எடுக்கிறான்!” என்றார். பிறகு சத்தமில்லாமல் கடையில் செய்து பார்த்தார். சக்கரம் நின்றது.

மாதிரிப் பிரதியில் பென்சிலால் எழுதிய தங்கள் ஊழியர்மீது நடவடிக்கை ஏதும் எடுக்க வேண்டாம் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். காலிப் பக்கங்களின் பயனுக்கு எங்களிடம் உள்ள சாட்சி தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். எனவே குறைபாட்டு முத்திரையை நீக்கி, நூல்களை மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன். இனி அச்சிடும் நூல்களில், ‘இது வாசிப்பவர் எழுத’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறோம்.

இன்னொன்று. அவர் எழுத்து, ‘பத்தாவது நாற்காலி மட்டும்’ என்பதோடு நின்றுவிடுகிறது. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு என்ன ஆயிற்று என்று மாமா தினமும் கேட்கிறார். எனக்கும் தெரிந்தாக வேண்டும். அந்தப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். இன்னும் ஐந்து பக்கங்கள் காலியாக உள்ளன.

நாள்: மார்ச் 12
இடம்: பதிப்பக அலுவலகம்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மெய்ப்பு பார்ப்பவர்

இணைப்பு: நாற்காலிப் பழுது நூல், ஒரு பிரதி, பென்சில் ஒன்று.