அப்பா படத்துக்குக் கை தட்டிவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து பாவாயி எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

அன்று பாத்திரம் கழுவும்போது போனைப் பார்த்தேன். சொந்தக்காரர் குரூப்பில் பெரியப்பா மகன் கதிர், அப்பா படத்துக்குப் பூ வைத்துப் போட்டிருந்தான். கீழே இங்கிலீஷில் மூன்று எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கோயில் கமிட்டியில் அப்பாவுக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கை தட்டும் படத்தைப் போட்டேன்.

உடனே சித்தப்பா, "பெத்த அப்பன் செத்ததுக்குக் கை தட்டுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று எல்லோரும் கேட்கும்படி பேசி அனுப்பினார். அப்பா போனது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்துவிட்டது. நான் வேலை செய்யும் வீட்டு அம்மா திட்டவில்லை, டீ கொடுத்தார்.

நம் ஊரில் எழவு சொல்ல வருகிறவர்கூட, "அப்பாவுக்கு ஒடம்பு முடியலீங்க, கெளம்புங்க" என்றுதானே ஆரம்பிப்பார்?

வேண்டுமென்று செய்தேன் என்று நீங்களும் நினைக்காதீர்கள், அம்மா. நான் போட்டதை எனக்கு அழிக்கத் தெரியவில்லை, கதிரை எடுக்கச் சொல்லுங்கள். அப்பா பேசியது ஏதாவது உங்கள் போனில் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மேட்டூர் அக்கா ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

இனி எதுவானாலும் நீங்களே கூப்பிடுங்கள். பேச வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் அழுதால் எனக்குப் புரியும்.

மகள்
பாவாயி