கார் வராத ஷெட்டும் என் வலது காலும்

ஏப்ரல் 7

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் என் வீட்டுக்காரி யோகலட்சுமி தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். அதற்கு முன் என் தரப்பை இங்கே பதிந்துவிடுவது நல்லது. காலில் உணர்ச்சி இல்லாத சர்க்கரைக்காரர்களுக்கு மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து கொடுத்துப் பிழைக்கிற நான், நானும் சர்க்கரைக்காரன்தான், என் காலையே சுட்டுக்கொண்டு, சுட்டது தெரியாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். எத்தனை நாளாக? அதுவும் தெரியாது.

கண்டுபிடித்தது அவள்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தேன்.

"இன்னாங்க இது, கால்ல கறுப்பா?"

வலது பெருவிரலுக்கு அடியில் எட்டணா அளவில் ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றிக் கொப்புளம். அமுக்கினாள். "வலிக்குதா?" இல்லை. நகம் பதிய அமுக்கினாள். "இப்போ?" இல்லை. யாருடைய காலையோ அவள் அமுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

சுட்டது ஷெட்டுதான், வேறென்ன. ஒன்பது வருஷம் முன்னால் கார் வாங்கப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கட்டிய ஷெட். ஷட்டர் வந்தது, தகரக் கூரை வந்தது, கார் வரவில்லை. பட்டறை ஆக்கிவிட்டேன். பதினொரு மணிக்கு மேல் ஷட்டருக்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில் வெயில் விழும். தோசை வார்க்கலாம். அதன்மேல்தான் நாளைக்கு முப்பது தடவை வெறுங்காலோடு போய் வருகிறேன்.

"ஊர் காலுக்கெல்லாம் செருப்பு போட்டு விட்றீங்க. நீங்க போட்டுக்கினு வேல செஞ்சா இன்னா?"

நியாயமான கேள்வி. நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 8

பதில் யோசித்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், ஃபோர்மேன் வாசலிலேயே நிறுத்தி, "கழட்டு" என்றார். தோல் இருக்கிற இடம், கத்தி இருக்கிற இடம், ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்கிற இடம். இப்போது பெரிய கம்பெனிகளில் வெள்ளைக்காரன் சோதனைக்கு வருகிறான் என்று எல்லாருக்கும் ஷூ மாட்டிவிட்டார்கள். வீட்டுப் பட்டறைகளில் இன்னும் யாரும் மாறவில்லை. செருப்புதான் சோறு போடுகிறது, ஆகையால் செருப்பு செய்கிற இடத்துக்குள் செருப்போடு போகக்கூடாது. இதை யோகலட்சுமிக்கு விளக்கினேன். பாதி சொல்லும்போதே எனக்கே சரியாக வரவில்லை.

அவள் தீர்ப்பு: "ஒண்ணு செருப்பு போடுங்க. இல்ல, ஷெட்டு குளிரணும். இந்த மாசம் முடியறதுக்குள்ள புண் ஆறலன்னா ஷெட்டுக்குப் பூட்டு, உங்களுக்கு ஆஸ்பத்திரி."

ஆஸ்பத்திரி. ஷெட்டில் ஒரு கம்பியில் வாடிக்கைக்காரர்களின் கால்கள் தொங்குகின்றன. அதாவது, பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் வரைந்த பாதங்கள், அளவுக்காக. ராமமூர்த்தி சாருக்கு மட்டும் மூன்று காகிதம். முதலாவதில் ஐந்து விரல். இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் பாதிப் பாதம். ஆளுக்கு ஆள் காகிதம் மிச்சமாகிக்கொண்டே போவதைப் பார்த்தவன் நான். ஆஸ்பத்திரிக்குள் பெருவிரலோடு போய்ப் பெருவிரலோடு திரும்பி வந்த பாதம் என் கம்பியில் இல்லை.

ஆக, ஷெட்டைக் குளிரவைக்கப் போகிறேன். விரலைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி.

ஏப்ரல் 10

பஜாரில் ஒரு வெப்பமானி வாங்கி ஆணியில் மாட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு 44.

பக்கத்து வீட்டு சர்தார் பாஷா பாய் உடனே வந்துவிட்டார். தோல் மண்டியை மகன்களிடம் கொடுத்துவிட்டு, முழுநேரமாக அறிவுரை வியாபாரம் பார்க்கிறவர். வெப்பமானியைத் தட்டிப் பார்த்தார். "இது கம்மியா காட்டுது, தோஸ்த்."

கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சுண்ணாம்பில் பசை கலந்தால் மழைக்கும் போகாதாம். சொல்லிக்கொண்டே என் ஜன்னல் பக்கம் போகாமல் சாமர்த்தியமாக நின்றார். ஏனென்றால் அவர் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி சரியாக என் ஜன்னலைப் பார்த்துத்தான் ஊதுகிறது. அவர் படுக்கையறையின் சூடு முழுக்க என் பட்டறைக்கு இலவசம். மூன்று வருஷமாக நானும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இதற்குப் பெயர்தான் அக்கம்பக்கம்.

ஏப்ரல் 13

பாயின் மருமகன் முஜாஹித் பெயிண்டர். அவர் ஏறிச் சுண்ணாம்பு அடித்தார். நான் ஏறக் கூடாது என்று உத்தரவு. கீழே நின்று குறை சொன்னேன்.

41.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பாயசத்தை மோந்து பார்த்தேன். காலுக்குத் தீக்காய மருந்து தடவினேன். தடவிய விரலுக்குத்தான் ஜில்லென்றிருந்தது.

ஏப்ரல் 19

பாய் தன் பழைய ஏர்கூலரைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, வெட்டிவேர் எல்லாம் செருகி, ஷட்டரைப் பாதி இறக்கி ஓடவிட்டோம். ஒரு மணி நேரத்தில் 37. தரை ஈரமாகப் பளபளத்தது. பாய் பெருமையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், ஏதோ அவரே ஊதியதுபோல.

"சிம்லா," என்றார்.

நானும் ஆமாம் என்றேன். முகத்துக்கும் கைக்கும் சிம்லாதான். கால் எதுவும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிவதில்லை.

ஏப்ரல் 24

வாடிக்கைக்காரர் சுகரா பேகம் வந்தார். கையில் செருப்பு, அதுவும் ஒற்றைச் செருப்பு. எனக்குப் புரிந்துவிட்டது.

"நடு பஜார்ல வாய் பொளந்துகிச்சு. அடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"அம்மா, உட்காருங்க."

"உக்காந்தா செருப்பு ஒட்டிக்குமா? எனக்குக் கால்ல உணர்ச்சி இல்லன்னு ஒட்டாமயே தச்சுட்டியா? நாலு கடை தாண்டி ஒரு ஆளு கூப்ட்டு சொல்றான், பீபி, உங்க செருப்பு அங்க கிடக்குதுன்னு. வெறுங்கால்ல நடந்துருக்கேன்பா சம்பந்தம். எனக்குத் தெரியல."

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. நல்ல காலம். என் கால் நாற்காலிக்கு அடியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 25

இந்தத் தப்பை ஆம்பூரில் ஒரு கத்துக்குட்டிகூடச் செய்யமாட்டான். ஒட்டுகிற பேஸ்ட் காயும்போது காற்றில் ஈரம் இருந்தால் மேலே வெள்ளை பூக்கும். பூத்ததை ஒட்டினால் ஒட்டியதுபோல் நடிக்கும், பஜாருக்குப் போனதும் கைவிடும். மழை நாளில் கம்பெனியில் நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஏப்ரல் மாதத்தில், ஷட்டரை இறக்கி, சொந்தமாக மழைக்காலம் தயாரித்திருக்கிறேன்.

பதினொரு ஜோடி திரும்ப வாங்கிப் பிரித்து ஒட்டவேண்டும். கூலரைத் திருப்பிக் கொடுத்தேன். பாய்க்கு மனசு பேஜாராகிவிட்டது. "சூட்டுலயும் குத்தம், குளிர்லயும் குத்தம்னா உன் செருப்பு இன்னா மாப்பிள்ளையா," என்றார்.

மறுபடி 41.

ஏப்ரல் 30

மாசக் கடைசி. சாயங்காலம் யோகலட்சுமி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு முன் நான் என் வேலையை முடித்திருந்தேன். தோல் சீவுகிற கத்தியால் ஓரத்தில் காய்ந்ததைச் சீவி, கழுவி, பவுடர் போட்டு. கம்பெனியில் பழுதான தோலைத் தேற்றுவதில் நான் கெட்டிக்காரன். கறுப்பு போய்விட்டிருந்தது. மேலே புதுத் தோல் மூடியிருந்தது.

"ஆறிட்ட மாதிரிதான் இருக்குது," என்றாள்.

"ஆறிடுச்சு."

மூடியிருப்பது வேறு, ஆறியிருப்பது வேறு. எத்தனை கால் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தாள். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சமாவது உறுத்தியிருக்கவேண்டும். பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடக்கம். தகரத்துக்குக் கீழே தெர்மாகோல் பலகைகளைக் கம்பி கட்டிப் பொருத்தினார் முஜாஹித். பின்சுவரில் மேலே ஓட்டை போட்டு, சூட்டை வெளியே இழுக்கிற விசிறி. ஷட்டருக்கு முன்னால் நர்சரிக்காரர்கள் கட்டுகிற பச்சை வலை. இரும்புச் சட்டத்தில் இனி வெயில் விழாது. அதன்மேல் பழைய மிதியடியும் போட்டேன். இத்தனை செய்தவன் ஒரு செருப்பு போட்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மே 6

பாயின் மனைவி ஜஹீருன்னிசா பாபி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் பக்கம் நின்றுவிட்டார். அனல் முகத்தில் அடித்தது. "இது எங்க வீட்டு ஏசியா?" ஐந்து நிமிஷத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் உருதுவில் ஒரு விசாரணை நடந்தது. எனக்குப் பாதி புரிந்தது. பாதியே போதுமானதாக இருந்தது. மாலைக்குள் ஆள் வந்து வெளிப்பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

பாய் என்னிடம், "மூணு வருஷமா வாய்ல இன்னா வச்சிருந்தே?" என்றார்.

"அறிவுரை சொல்றவருக்கு நான் சொல்றதா, பாய்."

மே 9

36. வெளியே 42, உள்ளே 36. தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பாய் தரையில் செய்தித்தாள் விரித்துப் படுத்து, வந்தவர்களுக்குப் படுத்தபடியே விளக்கம் சொன்னார். யோகலட்சுமி வெறுங்காலோடு உள்ளே வந்து தரையில் நின்று பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்குதுங்க. நிஜமாவே." அவள் முகத்தைப் பார்த்துத்தான் தரை குளிர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுதலாம். எழுதிவிட்டேன்.

மே 12

லேசாகக் காய்ச்சல். ஷெட்டில் ஏதோ நாற்றம் என்றாள் யோகலட்சுமி. பேஸ்ட் என்றேன்.

மே 13

பாபி செருப்பு வாங்க வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, எலி கிலி செத்துக் கிடக்குதா?" என்றார். யோகலட்சுமி பலகைக்கு அடியில், ரப்பர் ஷீட்டுக்குப் பின்னால் எல்லாம் குனிந்து தேடினாள். தேடிக்கொண்டே என் பக்கம் வந்தாள். நின்றாள். காலைத் தூக்கினாள்.

பாதிப் பாதம் வீங்கியிருந்தது. சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது. பிளாஸ்திரியைப் பிரித்ததும் பாபி வெளியே போய்விட்டார்.

"ஆறிடுச்சுன்னீங்க."

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"என் மடியில வச்சிக்கினு பாத்தேன். ஆறிடுச்சுன்னு சொன்னீங்களே. எதுக்குங்க? நான் இன்னா, அடிச்சிருப்பேனா? எதுக்குடா சொன்ன?"

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை 'டா'. அழவில்லை அவள். பையில் துணி எடுத்துவைக்கப் போய்விட்டாள். ஏன் சொன்னேன்? பயந்திருந்தால்கூட ஒரு காரணமாவது இருந்திருக்கும். பயம்கூட இல்லையே. சும்மா சொன்னேன். வாய் இருந்தது, சொன்னேன்.

மே 14

வேலூர். பெரிய ஆஸ்பத்திரி. இங்கே தெரிந்த முகங்கள் அதிகம், எல்லாம் என் செருப்பு போட்ட கால்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "அளவெடுக்க வந்தியா?" என்றார். ஆமாம் என்றேன்.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரிடம் ஷெட் கதையைச் சொன்னேன்: தகரம், இரும்புச் சட்டம், 44, வெறுங்கால். கேட்டுக்கொண்டே ஏதோ எழுதினார். பிறகு யோகலட்சுமியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சக்கர நாற்காலியில் இருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம். வெளியே வந்தவள் என் தோளில் கை வைத்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"விரலு."

"ஒண்ணா?"

"ஒண்ணு."

மே 16

எடுத்துவிட்டார்கள். வலிக்கவில்லை. வலிக்காமல் இருப்பது நல்லதா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "நல்லா தூங்குங்க," என்றார்.

மே 29

வீடு. ஷட்டருக்கு உள்பக்கம் என் அளவில் ஒரு ஜோடி செருப்பு. பாயிடம் ரப்பர் ஷீட் வெட்டித் தரச் சொல்லி யோகலட்சுமியே ஒட்டியிருக்கிறாள். ஒட்டு கோணல். போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஒன்றும் ஆகவில்லை. கத்தி கத்தியாகவே இருந்தது.

ஜூன் 9

பக்ரீத் முடிந்து இரண்டு நாள். பாய் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் ஷெட்டைப் பார்க்க வந்தார்கள். என் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இப்போது நன்றாகப் பழகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று தெரியும். சுண்ணாம்பு, கூலர், பஜாரில் வாய் பிளந்த செருப்பு. 44-ஐ பாய் 47 ஆக்கினார். நான் மறுக்கவில்லை. ஷெட் ஒரு மாசம் முன்னால் குளிர்ந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்கும் என்று முடித்தேன். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா யோகலட்சுமியைப் பார்த்து, "சூட்டுனாலயா இப்படி ஆச்சு?" என்றார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஆமாங்க. சூடுதான்."

எல்லாரும் போனபின் அவள் கடைக்குப் போனாள். அடுத்த கட்டு மாற்றும் தேதி என்றைக்கு என்று பார்க்க ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தேன். நடுவில் ஒப்புதல் தாள், தமிழில். மே 14. 'விவரம் எனக்குப் படித்துச் சொல்லப்பட்டது' என்ற வரிக்குக் கீழே யோகலட்சுமியின் கையெழுத்து. மேலே டாக்டரின் கையெழுத்தில் நாலு வரி. சீழ், எலும்பு வரை. காரணம்: பெருவிரலுக்கு அடியில் ஷூ ஆணி ஒன்று, எட்டு மில்லிமீட்டர், பல வாரங்களாக உள்ளே இருந்திருக்கிறது. தீக்காயம் இல்லை.